அமாவாசையை ஒட்டித் திணறும் வயர்லெஸ் இணைப்பு

கேள்வி: கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து, உப்பனாற்றங்கரையில் 2.4 கி.மீ. தள்ளியிருக்கும் இறால் பண்ணைக் கொட்டகைக்கு இரண்டு டிஷ் வைத்து (5.8 கிகாஹெர்ட்ஸ், 23 டெசிபல் ஆதாயம்) இணையம் எடுத்திருக்கிறோம். அங்கே எட்டு கேமரா. சில நாள் காலையில், சில நாள் இரவில், இரண்டு மணி நேரம்போலப் படம் உறைந்துவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மோசம். அப்போது சிக்னல் -55 டிபிஎம்மிலிருந்து (சிக்னல் வலிமையின் அலகு) -72க்கு இறங்குகிறது. டிஷ், கேபிள் இரண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டோம். நீர் வத்தியிருக்கும்போது அளந்தால் வீட்டு டிஷ் தண்ணீருக்கு மேல் 10 மீ., கொட்டகை டிஷ் 7.5 மீ. இதற்கும் அமாவாசைக்கும் என்னதான் சம்பந்தம்?

பதில்: சம்பந்தம் இருக்கிறது. உங்கள் டிஷ்ஷில் கோளாறு இல்லை, தண்ணீரில்தான் இருக்கிறது.

வீட்டிலிருந்து கிளம்பும் அலை கொட்டகைக்கு இரண்டு வழியில் போகிறது. ஒன்று நேராக. மற்றொன்று ஆற்றுநீரில் பட்டுத் தெறித்து. இரண்டாவது வழி கொஞ்சம் நீளம். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு: இரு உயரங்களையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். நீர் வத்தியிருக்கும்போது 2 × 10 × 7.5 ÷ 2400, அதாவது 6.25 செ.மீ. உங்கள் அலையின் நீளம் 5.17 செ.மீ. ஆக 1.21 அலைநீள வித்தியாசம். இந்த இடத்தில் இரண்டு அலையும் ஒன்றுக்கொன்று சற்றே கைகொடுக்கின்றன.

நீர் 70 செ.மீ. ஏறட்டும். உயரங்கள் 9.3, 6.8 ஆகிவிடும், வித்தியாசம் 5.27 செ.மீ., ஏறக்குறைய சரியாக ஒரு அலைநீளம். நீர்ப்பரப்பில் இவ்வளவு தாழ்ந்து படும் அலை தலைகீழாகத் திரும்பித் தெறிக்கும். எனவே முழு அலைநீள வித்தியாசத்தில் இரண்டும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று தின்றுவிடும். தெறிப்பில் பத்தில் ஒன்பது பங்கு மீளுகிறது என்று வைத்துக்கொண்டால், இழப்பு சுமார் 16 டெசிபல். தெறிப்பே இல்லாவிட்டால் உங்களுக்கு வரவேண்டியது -56 (அனுப்பும் திறன் 13 என்று வைத்து, இரு டிஷ்ஷின் ஆதாயம் 46ஐக் கூட்டி, வழியில் கரையும் 115ஐக் கழித்தால்). அதில் 16ஐக் கழித்தால் -72. நீங்கள் எழுதிய அதே எண்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தம் (கடல்நீர் ஆற்றுக்குள் ஏறுவது; இறங்குவது வத்தம்) அதிகம் என்பது பண்ணைக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏத்தம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் பிந்தும், அதோடு சேர்ந்து உங்கள் தொல்லையும் காலையிலிருந்து இரவுக்கு நகர்கிறது. ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள், பிந்துவது தெரியும். மாறாகத் தினமும் ஒரே நேரத்தில், குறிப்பாக ஏரேட்டர்கள் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் பொறிகள்) ஓடும்போது சிக்னல் விழுந்தால், அது வோல்டேஜ் பிரச்சினை. இந்தப் பதிலை அதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொரு சோதனை. தெறிக்கும் புள்ளி இரு உயரங்களின் விகிதத்தில் அமையும்: வீட்டிலிருந்து 2.4 × 10 ÷ 17.5, ஏறக்குறைய 1.37 கி.மீ. செயற்கைக்கோள் வரைபடத்தில் கோடு இழுத்து அந்த இடத்தைப் பாருங்கள். தண்ணீராக இருந்தால் கணக்கு சரி. சிற்றலை அடிக்கும் தண்ணீரானாலும், இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் அது கண்ணாடிபோலத்தான் நடந்துகொள்ளும்.

வழக்கமாகச் செய்யப்படும், இங்கே பலன் தராத வேலைகள் மூன்று. திறனைக் கூட்டினால் தெறிப்பும் சேர்ந்தே கூடும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். 5.8க்குள் சானலை மாற்றினால் அலைநீளம் ஓரிரு சதவீதம்தான் மாறும். டிஷ்ஷைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வைப்பது பலரும் சொல்லும் வைத்தியம். ஆனால் தெறித்து வரும் அலை அரை டிகிரிக்கும் குறைவான கோணத்தில் வருகிறது, இந்த வகை டிஷ்ஷின் கற்றையோ (அலையை அனுப்பி வாங்கும் விரிவு) பத்து டிகிரி அகலம். வேறுபடுத்திப் பார்க்க அதற்குக் கண் போதாது.

செய்ய வேண்டியது, கொட்டகை டிஷ்ஷை உயர்த்துவது. வத்த நீரிலிருந்து 10 மீட்டருக்கு, அதாவது இப்போதிருப்பதைவிட 2.5 மீட்டர் மேலே. அப்போது வித்தியாசம் வத்தத்தில் 1.61, ஏத்தத்தில் 1.39 அலைநீளம், ஒன்றரையைச் சுற்றியே நிற்கும், இரு நிலையிலும் அலைகள் கூடவே செய்யும். மாறாக, வத்த நீரிலிருந்து சுமார் 3.5 மீட்டருக்கு இறக்கினாலும் கணக்கு ஒத்துவரும். ஆனால் படகும் கரையோரப் புதரும் குறுக்கே வரும். பாதி வழியில் பார்வைக்கோட்டின் கீழே குறைந்தது 3.3 மீட்டராவது எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அதனால் இறக்குவதை நாங்கள் சொல்ல மாட்டோம்.

குழாய் வாங்கும் முன் ஏத்த நேரத்தில், சிக்னல் அடியில் கிடக்கும்போது, டிஷ்ஷை ஒரு மூங்கிலில் கட்டித் தூக்கிப் பாருங்கள். ஒரு மீட்டருக்கே பதினைந்து டெசிபல் வரை ஏற வேண்டும். ஏறவே இல்லை என்றால் காரணம் வேறு.

கம்பம் ஒன்றரை அங்குல ஜிஐ குழாய் போதும், மூன்று பக்கமும் இழுவைக் கம்பி கட்டாயம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று இந்தக் கரையைத்தான் கடந்தது. மணிக்கு 140 கி.மீ. காற்றில் 40 செ.மீ. டிஷ் ஒன்று ஏறக்குறைய 14 கிலோ எடை தொங்குவதுபோல் பக்கவாட்டில் இழுக்கும். உயர்த்திய பிறகு திசையைப் புதிதாகத் திருத்துங்கள், வத்த நேரத்தில். இடப்பக்கம் மெல்லத் திருப்பி 3 டெசிபல் குறையும் இடத்தில் சாக்பீஸ் கோடு, வலப்பக்கமும் அப்படியே. இரண்டு கோட்டுக்கும் நடுவில் முடுக்குங்கள். பெரிய எண்ணைத் தேடி அலைவதைவிட இது நம்பகம். -70 சுற்றியே நின்றுவிட்டால் பக்கக் கற்றையில் (முக்கியக் கற்றைக்குப் பக்கத்தில் கசியும் பலவீனமான கற்றை) மாட்டியிருக்கிறீர்கள்.

கம்பம் வரும்வரை இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. சானல் அகலம் 80 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் 20க்கு இறக்குங்கள். அகலம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் 3 டெசிபல் கூடும். 80லிருந்து 20க்கு வந்தால் 6 டெசிபல் லாபம். எட்டு கேமராவுக்குத் தலா 4 எம்பிபிஎஸ் வைத்தாலும் 32தான். அதற்கு 20 மெகாஹெர்ட்ஸே தாங்கும்.

கேபிளை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அது முழுச் செம்பா என்று ஒரு நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு பூசிய அலுமினியம். கேபிள் 40 மீட்டர் நீளமானாலும் அதன் வழியே டிஷ்ஷுக்குப் போகும் மின்சாரத்தில் வோல்டேஜ் இழப்பு பெரிதாக இருக்காது. ஆனால் உப்புக் காற்றில் ஆர்ஜே45 முனைக்குள் (கேபிள் நுனியில் இருக்கும் செருகி) அலுமினியம் பொரிந்துபோகும், ஓரிரு மழைக்காலத்திலேயே இணைப்பு விட்டுவிட்டு வரும். கம்பத்துக்கு ஏறும்போதே அதையும் மாற்றிவிடுங்கள். முனைக்கு முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.