மூத்த சட்டமன்ற உறுப்பினர்கள் ஓய்வு பெறாததற்குப் பதவி ஆசைதானே காரணம்?

கேட்டவர் முப்பதைத் தாண்டாதவர் என்று நினைக்கிறேன். அந்த வயதில் ஓய்வு என்ற சொல் இனிக்கத்தான் செய்யும்.

பேரவையில் சுருக்கெழுத்தராக இருந்தவன் நான். எந்தக் கட்சிக்கும் வேண்டியவன் அல்லன். முத்திரை குத்த வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் குத்தவும். 2016இல் கருணாநிதி தம் 92ஆவது வயதில், சக்கர நாற்காலியில் இருந்தபடி, திருவாரூரில் 68,366 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அது அவருக்குப் பதின்மூன்றாவது வெற்றி. அவரைவிட ஒன்றரை வயது மூத்தவரான அன்பழகன், 2011இல் வில்லிவாக்கத்தில் தோற்றவர், 2016 தேர்தலில் நிற்கவே இல்லை. ஒரே கட்சிதான். ஆகவே எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கடைசி ஆண்டுகளில் அவருக்குக் காது மந்தம். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தால் இவரும் சிரிப்பார். ஆனால் பேச்சின் எழுத்துப்படி திருத்தத்துக்குப் போனால் பென்சிலோடு எங்கள் அறைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். "தம்பி, 'வேண்டுகிறேன்' என்று நான் சொல்லவில்லை, 'கேட்கிறேன்' என்றேன்." குறிப்பைப் புரட்டிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அடுத்த தேர்தலில் அவருக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. "உயிரோடு இருக்கும்போதே அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள், தம்பி" என்றார்.

அந்த வலி எனக்கும் தெரியும். 2020 ஏப்ரல் 30 அன்று 58 வயதில் ஓய்வு பெற்றேன். ஊரடங்குக் காலம், மாலைகூட இல்லை. ஒரே வாரத்தில், மே 7 அன்று, அரசு ஊழியர் ஓய்வு வயதை 59 ஆக்கி ஆணை வந்தது. மே 31 முதல் ஓய்வு பெறுகிறவர்களுக்குத்தான் அது பொருந்தும். அடுத்த பிப்ரவரியில் அது 60 ஆனது. ஒரு மாதம் பிந்திப் பிறந்திருந்தால் இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வேலை பார்த்திருப்பேன். சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. சரி, சம்பளத்துக்காகவும்தான்.

அவர் கதைக்கு வருகிறேன். நான் அவர் வீட்டுக்குப் போனபோதெல்லாம் தொகுதியின் பழைய கால்வாய்ப் பிரச்சினையை அவர் மறுபடி முதலிலிருந்து சொல்வார். வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒருநாள் கேட்டுக்கொண்டிருந்தபோது, பழக்கதோஷத்தில் என் விரல் முழங்கால்மேல் சுருக்கெழுத்துக் கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. பேச்சின் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் என் விரல் நிற்கும்வரை காத்திருந்தார்.