ஜெனரேட்டரை எங்கே வைத்தார்கள்? அணு உலைப் பாதுகாப்பு பற்றிச் சென்னைவாசிகளின் கேள்விகள்

திருவான்மியூரிலிருந்து: சார், ஜப்பானின் ஃபுகுஷிமா உலைகள் நிலநடுக்கத்தில்தானே கெட்டன?

இல்லை. 2011 மார்ச் 11 அன்று நிலம் குலுங்கியதுமே, ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தானாக நின்றுவிட்டன. வெளி மின்சாரம் போனது, டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் சரி. சுமார் 50 நிமிடத்தில் வந்த சுனாமிதான் கெடுத்தது. நின்ற உலையிலும் எரிபொருள் சூடாகிக்கொண்டே இருக்கும். தண்ணீரைச் சுற்றவிட மின்சாரம் வேண்டும். அங்கே ஜெனரேட்டர்களும் ஸ்விட்ச்போர்டுகளும் பெரும்பாலும் அடித்தளத்தில் இருந்தன. 2015 வெள்ளத்தில் நம் அடுக்ககங்களின் பேஸ்மென்ட் ஜெனரேட்டர்கள் மூழ்கின இல்லையா, அதே கதைதான். சற்று உயரத்தில், காற்றால் குளிரும்படி வைத்திருந்த ஒரே ஒரு ஜெனரேட்டர் தப்பியது. 5, 6ஆம் உலைகள் பிழைத்தது அதனால்தான்.

பெரம்பூரிலிருந்து: அப்போ இன்னும் நாலு ஜெனரேட்டர் வாங்கி வைத்தால் போதாதா?

போதாது. இதற்கு ஜப்பான் வரை போகவே வேண்டாம், உத்தரப் பிரதேசத்து நரோரா அணுமின் நிலையம் போதும். 1993 மார்ச் 31 அன்று அங்கே டர்பைன் பிளேடு முறிந்து, ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. ஜெனரேட்டர்கள் இருந்தன, அவற்றின் மின்சாரத்தைக் கொண்டுபோகும் கேபிள்கள் கருகிவிட்டன. மாற்று வழிக் கேபிள்களையும் தீ எட்டாதபடி பிரித்து வைத்திருக்கவில்லை. சுமார் 17 மணி நேரம் உலைக்கு மின்சாரம் இல்லை. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்புகளால் நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் ஏற்றித்தான் சமாளித்தார்கள். ஆகவே எத்தனை இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஒரே அடியில் எத்தனை போகும் என்று கேளுங்கள். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு நம் உலைகளில் வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றும் இணைப்புகள் வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

அடையாறிலிருந்து: 2004 சுனாமியில் கல்பாக்கம் எப்படித் தப்பியது ஐயா?

கடல்நீர் உறிஞ்சும் சுரங்கம் வழியாகப் பம்ப் ஹவுசுக்குள் தண்ணீர் ஏறியது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையை ஊழியர்கள் பத்திரமாக நிறுத்தினார்கள். 2005 ஜனவரி 2இல் அது மறுபடி ஓடியது. இதைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த ஈனுலையின் (எரிபொருளை உற்பத்தியும் செய்யும் உலை) அஸ்திவாரக் குழியில் கடல் புகுந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின. உலையின் வேலிக்குள் மட்டும் பாதுகாப்பைப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

அண்ணா நகரிலிருந்து: இதையெல்லாம் கண்காணிப்பது யார்?

1983 முதல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். ஜப்பானில் அணுமின்சாரத்தை வளர்த்த அமைச்சகத்துக்குள்ளேயே கண்காணிப்பு அமைப்பும் இருந்தது. ஃபுகுஷிமா மனிதரால் நேர்ந்த விபத்து என்று 2012இல் அந்நாட்டு நாடாளுமன்ற விசாரணைக் குழு சொன்னது. அதே ஆண்டு கண்காணிப்புக்குத் தனி ஆணையம் வந்தது. இங்கே சட்டப்படியான கண்காணிப்பு அமைப்புக்காக 2011இல் கொண்டுவந்த மசோதா காலாவதியானது. வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து 2025 டிசம்பரில் வந்த புதிய அணுசக்திச் சட்டமான சாந்தி சட்டத்தில்தான் கிடைத்தது. அந்தஸ்து நல்லதுதான். ஓடும் உலையை நிறுத்தச் சொல்லும் துணிவு வாரியத்துக்கு இருக்கிறதா, ஆய்வறிக்கைகளை முழுசாக வெளியிடுகிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

வேளச்சேரியிலிருந்து: அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா அங்கிள்?

வேண்டாம்மா. அது கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டும் காக்கும், அதுவும் சரியான நேரத்தில் போட்டால். அரசு சொன்னால் மட்டும் போடுங்கள். தைராய்டு பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.