காலி வலையைப் பார்த்துக் கட்டுங்கள்: புல் வலைக் கயிறு பற்றிச் சில கேள்விகள்

குதிரைக்குப் புல் வலை (காய்ந்த புல்லை அடைத்து, குதிரை தின்னத் தொங்கவிடும் வலை) கட்டுவது பற்றிப் போன தடவை பேசியபோது, "கயிற்றில் கவனமாக இருங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கேள்விகள் வந்தன. வலையின் வாயில் கோத்திருக்கும் கயிறு பாட்டியின் சுருக்குப்பைக் கயிறு மாதிரிதான்: இழுத்தால் வாய் மூடும். அதில் ஒரு குளம்பு மாட்டினால் அதுவே சுருக்காகிவிடும். லாயத்தில் 22 வருடம் வேலை பார்த்தவன் என்கிற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வலையை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும்? கண் மட்டம் என்கிறார்கள். நானும் அப்படித்தான் கட்டினேன், ஆனால் காலையில் பார்த்தால் முழங்கால் வரை தொங்குகிறது. (பொள்ளாச்சி)

எல்லோரும் செய்யும் தவறு இது. புல் நிறைந்த வலை குண்டாக, உயரமாகத் தெரியும். புல் தீரத் தீர வலை நீண்டுகொண்டே வரும். குதிரை கால் போடுவது நிறைந்த வலையில் இல்லை; காலியான வலையில்தான், அதுவும் நாம் தூங்கும் நேரத்தில். அதனால் ஒரு தடவை காலி வலையையே கட்டிப் பாருங்கள். குதிரை முன்னங்காலைத் தூக்கி உதைத்தாலும் வலையின் அடி எட்டக் கூடாது.

கட்டும் விதம்: வலையை மாட்டும் சுவர் வளையம் குதிரையின் கண் மட்டத்தில் இருக்கட்டும். கயிற்றை வளையத்துக்குள் விட்டு, வலையின் வாய் வளையத்தை முட்டும் வரை இழுங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேயே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். போடாதீர்கள். மிச்சக் கயிற்றைக் கீழே கொண்டுபோய், வலையின் அடிப்பக்கத்தில் ஒரு கண்ணியில் நுழைத்து, மறுபடி மேலே இழுத்து, அப்புறம் முடிச்சுப் போடுங்கள். இப்போது அடிப்பாகமும் கயிற்றில் தொங்குவதால், புல் தீர்ந்தாலும் வலை கீழே இறங்காது. கடைசியில் வலையைத் திருப்பி முடிச்சைச் சுவர்ப் பக்கம் வையுங்கள்.

மிக உயரமாகக் கட்டுவதும் தப்பு. தலையை அண்ணாந்து தின்றால் தூசி கண்ணிலும் மூக்கிலும் விழும்.

என்ன முடிச்சு, அண்ணா? எனக்குத் தெரிந்தது மாட்டைக் கட்டும் முடிச்சுதான். (கோபி)

ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும், தம்பி. கயிற்றை ஒரு வட்டமாக மடியுங்கள். நுனிக்கயிற்றை இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை மட்டும் வட்டத்துக்குள் விட்டு இறுக்குங்கள். நுனி வெளியே தொங்கும். அதை இழுத்தால் முழுதும் அவிழும். ஷூ லேஸ் கட்டுவதில் பாதி, அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு கட்டி அவிழ்க்க வரும் வரை வீட்டுக் கதவுக் கைப்பிடியில் பழகுங்கள். வலையில் வேலை வரும்போது இருட்டாகத்தான் இருக்கும்.

என் குதிரை கெட்டிக்காரன். நுனியைப் பல்லால் இழுத்து அவிழ்த்துவிடுகிறான். அதனால் நுனியை மடிப்புக்குள் விட்டுப் பூட்டிவிட்டேன். சரிதானே? (சென்னை)

சரியில்லை. பூட்டிய முடிச்சு ஒரே இழுப்பில் அவிழாது. முதலில் நுனியை உருவ வேண்டும். கயிறு இறுகிய நிலையில் அது நடக்காது. நுனியைச் சிறிதாக வெட்டி, வலைக்குப் பின்னால் சுவர்ப் பக்கம் செருகிவையுங்கள். அப்படியும் அவிழ்த்தான் என்றால், அவன் தோற்றாலும் ஜெயித்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்; வலையை விட்டுவிட்டு மரத்தொட்டியில் புல் போடுங்கள்.

நான் லண்டன் பக்கம் ஒரு லாயத்தில் சவாரி கற்றுக்கொள்கிறேன். இங்கே வளையத்தில் நேராகக் கட்ட விடுவதில்லை. புல் கட்டு கட்டி வரும் சரட்டை வளையத்தில் ஒரு கண்ணியாகப் போட்டு, அதில்தான் கட்டச் சொல்கிறார்கள். ஏன்?

குதிரை மிரண்டு இழுத்தால் அந்தச் சரடு முதலில் அறுந்துவிட வேண்டும் என்பதற்காக. நல்ல வழக்கம். ஆனால் அது நார்ச்சரடு இருந்த காலத்து வழக்கம், தங்கச்சி. இப்போது புல் கட்டுகளைக் கட்டுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் சரட்டில். அது அவ்வளவு லேசில் அறாது. சுவரிலிருந்து வளையமே பிடுங்கிக்கொண்டு வந்தாலும் சரடு அப்படியே இருக்கும். பிளாஸ்டிக் சரடுதான் இருக்கிறது என்றால் புரியைப் பிரித்து, மெல்லிய பகுதியை மட்டும் கண்ணியாகப் போடுங்கள்.

இங்கே நமக்கு வசதி. சணல் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. ஒற்றைப் புரிச் சணலில் கண்ணி போட்டு, நிறைந்த வலையைத் தொங்கவிட்டு, அப்புறம் உங்கள் முழு எடையையும் போட்டுச் சட்டென்று ஒரு இழுப்பு இழுங்கள். வலையைத் தாங்க வேண்டும், உங்களுக்கு அறுந்துவிட வேண்டும். சணல் ஈரத்தில் மக்கும் என்பதால் மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. கண்ணி அறுந்தாலும் வலை காலிலேயே மாட்டியிருக்கலாம். ஆனால் சுவரோடு சேர்ந்து மாட்டிக்கொண்டு நிற்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கயிறு கட்டச் சோம்பலாக இருக்கிறது. மலையேறுபவர்கள் போடும் கொக்கி மாதிரி ஒன்றைப் போட்டு மாட்டிவிடலாமா? (ஊட்டி, சவாரிக் குதிரைகள்)

மாட்டுவது சுலபம். ஆனால் பாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போது கொக்கியைத் திறக்க முடியாது. போட்டே ஆக வேண்டுமென்றால் கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் சணல் கண்ணி வையுங்கள், கொக்கியின் வாய் சுவரைப் பார்க்கட்டும்.

இன்னொன்று. வரிசையாகக் குதிரைகளை நிறுத்தும் இடங்களில், குதிரையைக் கட்டிய அதே வளையத்தில் வலையையும் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கயிறும் பின்னிக்கொள்ளும். தனித்தனி வளையம் வேண்டும்.

புல்லை நனைத்துக் கொடுக்கச் சொன்னார் டாக்டர். வலையோடு தொட்டியில் முக்குகிறேன். கயிறு சீக்கிரம் போய்விடுகிறதே? (கோவை)

நனைந்த வலை ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். அதைச் சுருக்குக் கயிற்றைப் பிடித்தே தொட்டியிலிருந்து தூக்கினால் கயிறு வலையோடு உரசும் இடத்தில் தேயும். வலையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள், தண்ணீர் வடிந்த பிறகு தொங்கவிடுங்கள். ஈரக்கயிற்றில் போட்ட முடிச்சு கல் மாதிரி இறுகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் நனைத்த புல் சீக்கிரம் புளித்துப்போகும். தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் நனையுங்கள்.

கயிற்றை எப்போது மாற்றுவது?

கையால் உருவிப் பாருங்கள். வெயில் தின்ற பிளாஸ்டிக் கயிறு வெளுத்து, சொரசொரப்பாகி, உள்ளங்கையில் மாவு மாதிரி ஒட்டும். அப்படி ஒட்டினால் அன்றே மாற்றுங்கள். எலி கடித்த இடம், பல் பட்ட இடம், வலையின் கண்ணிகளுக்குள் ஓடும் இடம், இந்த மூன்றையும் வாரம் ஒரு முறை பாருங்கள். நான் எதுவும் கெடாவிட்டாலும் வருடம் ஒரு முறை மாற்றிவிடுவேன்.

புதுக் கயிற்றின் நுனி பிரியாமல் இருக்கத் தீயில் காட்டி உருக்குங்கள். நைலானும் பிளாஸ்டிக்கும் உருகி ஒட்டிக்கொள்ளும். தயவுசெய்து புல் போர் பக்கத்தில் நின்று தீக்குச்சி உரசாதீர்கள். பருத்திக் கயிறு என்றால் நூலைச் சுற்றிக் கட்டுங்கள்.

சிலர் புல்லில் வெல்லத் தண்ணீர் தெளிக்கிறார்கள். கயிறும் இனிக்கும், குதிரை அதையும் மெல்லும். விழுங்கிய கயிற்றுத் துண்டு குடலில் அடைத்து வயிற்றுவலியில் கொண்டுபோய் விடலாம். குடலில் கல் உருவாவதற்கும் அந்த மாதிரித் துண்டு கருவாகிவிடும்.

குட்டி தாயோடு நிற்கிறது. தாய்க்கு வலை கட்டலாமா? (திருச்சி)

வேண்டாம். குட்டியின் குளம்பு எந்தக் கண்ணிக்குள்ளும் போகும். தாய்க்குத் தரையில் போடுங்கள்.

கால் மாட்டிவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஒரு மழை இரவு, அவசரத்தில், ஈரக்கயிற்றில் இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்தேன். மூன்று மணிக்குச் சுவரில் உதைக்கும் சத்தம். லாடம் கட்டிய முன்னங்காலை வலையில் விட்டு, பெட்டைக்குதிரை மூன்று காலில் நிற்கிறது. லாடத்தின் பின்முனைக்கும் குளம்புக்கும் நடுவே வலைச்சரடு போய்ச் செருகிக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழவில்லை. கத்தி எங்கே என்று சமையலறைக்கு ஓடினேன். அந்த இரண்டு நிமிடத்தில் அது இன்னும் இரண்டு தடவை இழுத்துவிட்டது.

அதற்குப் பிறகு லாயக் கதவுக்கு வெளியே, குதிரை எட்டாத உயரத்தில், பல் வைத்த சின்னக் கத்தி ஒன்று எப்போதும் தொங்குகிறது.

உள்ளே போவதற்கு முன் பேச்சுக் கொடுங்கள். தோள் பக்கமாக நில்லுங்கள், முன்னால் குனியவே குனியாதீர்கள். முதலில் வளையத்துக்கு அருகே கயிற்றை அறுங்கள். பாரம் விட்டதும் கால் சட்டென்று கீழே வரும், அந்த இடத்தில் உங்கள் கால் இருக்கக் கூடாது. குதிரை அடங்கிய பிறகு குளம்பிலிருந்து வலையை வெட்டி எடுங்கள். குளம்புக்கு மேலே உள்ள குழிவில் கயிறு அறுத்த காயம் மேலுக்குச் சின்னதாகத் தெரிந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். குதிரைக்கு டெட்டனஸ் மற்ற கால்நடைகளைவிட எளிதில் வரும். தடுப்பூசி எப்போது போட்டது என்று எழுதி வைத்திருந்தால் அப்போது கைகொடுக்கும்.

என் பெட்டைக்குதிரை ஆறு வாரத்தில் நடந்தது. வலையைப் பார்த்தால் இன்றும் காதைப் பின்னுக்கு மடக்கும்.

இத்தனை தொல்லைக்குத் தரையிலேயே போட்டுவிட்டால் என்ன? (கொடைக்கானல்)

தாராளமாகப் போடலாம். தலையைத் தாழ்த்தித் தின்பதுதான் குதிரையின் சுபாவம், மூச்சுக்கும் நல்லது. 400 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த புல் என்று வைத்துக்கொண்டால், அதில் கொஞ்சம் மிதிபட்டு வீணாகும். அந்தச் செலவு தாங்கும் என்றால் வலையே வேண்டாம். வண்டியில் ஏற்றும்போதும், அவசரமாகத் தின்று தீர்க்கும் குண்டுக் குதிரைக்கும் மட்டும்தான் நான் வலை கட்டுகிறேன். ஆனால் லாடம் கட்டிய குதிரைக்கு வலையையே தரையில் போடுவது மட்டும் கூடாது.

பழைய கயிறு, கிழிந்த வலையை எங்கே போடுவது?

வேலியில் தொங்கவிடாதீர்கள், மேய்ச்சல் நிலத்தில் எறியாதீர்கள். சுருக்கு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டிவிட்டு, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள். பக்கத்து வீட்டு மாடு அதையும் தின்னும்.