அம்மாட சேலையை வெட்டலாமா? துண்டுப் போர்வை கேள்வி பதில்

கல்லடியில 22 வருசமாத் தைக்கிறன். அம்மா போன பிறகு அவட சேலைகள்ல தைச்ச போர்வையைப் படம் போட்ட நாள்ல இருந்து ஒரே கேள்விதான். இண்டைக்கு மெசினை மூடி வச்சிட்டு இருந்திட்டன், கேளுங்க.

களுவாஞ்சிக்குடி: அக்கா, நூல் சேலையையும் ஜோர்ஜெட்டையும் சேர்த்துத் தைக்கலாமா?

தைக்கலாம். ஜோர்ஜெட் வழுக்கும், இழுபடும். பின்னுக்கு மெல்லிய ஒட்டுக் கன்வஸ் (அயன் சூட்டில ஒட்டுற துணி) பிடிச்சிட்டு வெட்டுங்க. அயன் சூடு குறைவா இருக்கட்டும், பொலியெஸ்டர் உருகிப் போயிரும். தையலுக்குக் கால் அங்குலம் விடுங்க.

வெட்ட முன்னம் கூடப்பிறந்தவங்ககிட்டக் கேட்டீங்களா? நான் கேக்கல்ல. அம்மா சந்தைக்குக் கட்டுற பச்சைச் சேலை, முந்தானை நுனி சாவி முடிஞ்சு முடிஞ்சே நைஞ்சிருந்த. பழுதெண்டு வெட்டி எறிஞ்சிட்டன். தங்கச்சி வந்து தேடினது அந்த நுனியை. எட்டு மாசம் கதைக்கல்ல.

மருதமுனை: ராத்தா, வாப்பாட கைத்தறிச் சாரன்ல உம்மாவுக்குத் தலகாணி உறை தைக்கோணும்.

மூட்டுத் தையலைப் பிரிச்சா நல்ல அகலத் துணி வரும். இருந்து இருந்து தேய்ஞ்ச இடத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்க, அதை விட்டிட்டு வெட்டுங்க. மௌத்தானவங்கட உடுப்பும் சொத்துத்தானே, வாரிசுக்காரர் எல்லாரிட்டயும் கேட்டிட்டு.

டொரோண்டோ: ஒரு போர்வை தைச்சு அனுப்ப என்ன விலை?

ஓடர் எடுக்கிறல்ல.

ஓட்டமாவடி: ஜோர்ஜெட் தைக்கலாமா?

மேல வாசிங்க.

ஆரையம்பதி: பிள்ளை, செத்தவங்கட உடுப்பைக் குடுத்து விடுறதுதான் வழமை. வெட்டித் தைச்சுப் போர்க்கிறது தோசம்.

மாமா, நாங்களும் அந்தியேட்டிச் சடங்கு முடியக் குடுத்ததுதான். ஆனா கலியாணக் கூறைச்சேலையை எந்த வீட்டில குடுக்கிறாங்க? அம்மம்மா போன பிறகும் அவட சேலையில ஏணை கட்டித்தான் என்ட மூத்தவனை ஆட்டின. அதுக்கு ஒருத்தரும் தோசம் சொல்லல்ல. ஏணைக்கு வெட்டுறல்லத்தானே எண்டு கேப்பீங்க. சரி, அது நியாயம். வெட்ட மனமில்லாதவங்க முழுச்சேலையை நாலா மடிச்சு ஓட்டுத் தையல் போடுங்க, அதுவும் போர்வைதான்.

(இதுக்குக் கீழ பதினேழு பேர் சண்டை. கூறையை எரிக்கச் சொன்ன தம்பி, பட்டு எரியிற மணம் தெரியுமா உங்களுக்கு?)

அக்கரைப்பற்று: அக்கா, ஜோர்ஜெட்...

மேல.

நாவலடி: 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மகள்ட சட்டைத் துண்டு ஒண்டுதான் கிடைச்ச. இன்னும் மண் இருக்கு. என்ன செய்ற அக்கா?

பொலித்தீன் பையில இருந்தா இப்பவே எடுங்க. கடலுப்பு ஈரத்தை இழுக்கும், மாரியில பூஞ்சணம் பிடிக்கும். கழுவுறதெண்டா முதல்ல நனைச்ச வெள்ளைத் துணியை ஒரு மூலையில ஒத்திப் பாருங்க. சாயம் இறங்காட்டி மட்டும் தட்டையான தட்டில நல்ல தண்ணியில கிடத்துங்க. சவுக்காரம், குளோரின் வேணாம். பிழியாம நிழல்ல விரிச்சுக் காய விடுங்க. மண்ணும் வேணுமெண்டா கழுவாதீங்க, அதுவும் சரிதான். மெசினுக்குள்ள மட்டும் விடாதீங்க. கழுவின வெள்ளை நூல் துணியில வச்சு, மேல மெல்லிய நெட் போட்டு, துண்டைச் சுத்தி நெட்டையும் அடித்துணியையும் மட்டும் பிடிச்சுக் கையால தையுங்க. ஊசி சட்டையில படாது.

கை நடுங்கினா கொண்டு வாங்க, நான் தைச்சுத் தாறன்.