ஆம்புலன்ஸ் ஊழியர்கள் நேரத்தை வீணாக்கினார்களா?

கேள்வி: என் சித்தப்பா பேச்சுமூச்சின்றி விழுந்தார். விரைந்து வந்த ஆம்புலன்ஸ் ஊழியர்கள் அவரை உடனே வண்டியில் ஏற்றாமல், கூடத்துத் தரையிலேயே கிடத்தி இருபது நிமிடம் மார்பை அழுத்தினார்கள். இருமுறை மின்னதிர்ச்சி கொடுத்து, நாடி திரும்பிய பிறகே கிளம்பினார்கள். அவர் இப்போது தேறிவருகிறார் என்றாலும், அந்த இருபது நிமிடம் என்னை உறுத்துகிறது. மருத்துவர் இல்லாமல் அவர்களால் என்னதான் செய்ய முடியும்?

பதில்: உங்கள் சித்தப்பா பிழைத்ததே அந்த இருபது நிமிடத்தால்தான் என்று நம்புகிறேன். இதயம் தாறுமாறாகத் துடித்து இரத்த ஓட்டம் நின்றுபோனவருக்கு, மார்பு அழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, இடைவிடாமல் அழுத்த வேண்டும். படியில் தூக்கி இறக்கும்போதோ, வளைந்து ஓடும் வண்டியிலோ அது சீராக நடக்காது. மருத்துவமனையிலும் முதலில் செய்வது இதையேதான். 1966இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியான டிஃபிபிரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றி நோயாளியைத் தேடிச் சென்றதும் இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் பாராமெடிக்குகள், அதாவது அவசர சிகிச்சைப் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர்கள், செய்யும் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பலன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விரைவாக மின்னதிர்ச்சி தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்த கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் செருகுவதையும் நரம்பில் மருந்து ஏற்றுவதையும் கூடுதலாகச் சேர்த்தும், இதயம் நின்றவர்களில் பிழைத்தோர் விகிதம் உயரவில்லை என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரிட்டனில் இதயம் நின்ற சுமார் 8,000 பேரிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்விலோ, அட்ரினலின் ஊசி உயிர்பிழைத்தோர் எண்ணிக்கையைச் சற்று உயர்த்தியதே தவிர, கடும் மூளைப் பாதிப்பின்றி மீண்டோரின் விகிதத்தைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தவில்லை. இதயம் நின்றவர்களைப் பொறுத்தவரை, மார்பு அழுத்தம், மின்னதிர்ச்சி போன்ற எளிய வேலைகளைத் தாமதமின்றிச் செய்வதே உயிர்காப்பது. அதே அட்ரினலின், கடும் ஒவ்வாமையால் தொண்டை வீங்கி மூச்சடைப்பவருக்குத் தொடையில் போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் பலன் தரும். சர்க்கரை மிகவும் இறங்கி நினைவிழந்தவருக்கு நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினால், பெரும்பாலும் ஊசியை எடுப்பதற்குள் கண் திறப்பார்.

விபத்தில் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறவரின் நிலை இதற்கு நேர்மாறானது. வெளிக்காயத்தை இறுக்கிக் கட்டலாம், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். உள்ளே கிழிந்ததைத் தைக்க அறுவை அரங்கு வேண்டும். அப்படிப்பட்டவரை இருபது நிமிடம் தரையிலேயே வைத்திருந்தார்கள் என்று எழுதியிருந்தீர்களானால், உங்கள் வருத்தத்தில் நானும் பங்குகொண்டிருப்பேன்.