மனநல வார்டு நர்ஸுக்கு மாத்திரை குடுக்கறதும் ஆளக் கட்டறதும் தவிர என்ன வேலை? பொண்ண அனுப்பலாமா?

கேட்டவங்களோட பொண்ணு நர்சிங் முடிக்கப் போகுதாம், மனநலப் பிரிவுக்குத்தான் போவேன்னு நிக்குதாம், அங்க போய் என்ன கத்துக்கப் போற, ஆபத்து வேறனு வீட்ல சண்டையாம். தொண்ணூறுகள்ல ஒரு அரசு ஆஸ்பத்திரி மனநல வார்டுல நர்ஸா சேர்ந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் அங்கயே இருந்தவ நான், அதனால சொல்றேன்மா.

எங்க வேலைல பெரும்பகுதி உடம்பப் பாக்கறதுதான். வெளிய இருக்கறவங்களுக்கு இது தெரியறதே இல்ல. ஒருத்தருக்கு மனநோய்னு சீட்டுல எழுதியாச்சுன்னா அப்புறம் அவரு வயித்த வலிக்குதுன்னாலும் நெஞ்ச அடைக்குதுன்னாலும் "அது எப்பவும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கும்"னு வீட்ல தள்ளி விடுவாங்க, சில நேரம் மத்த வார்டு ஆளுங்களும் அதையேதான் செய்வாங்க. அவர் சொல்றத நெசம்னு எடுத்துக்கிட்டு பிபி, நாடி, காய்ச்சல் பாத்து டாக்டரக் கூப்பிடற ஆள் பெரும்பாலும் டூட்டி சிஸ்டர் மட்டும்தான்.

குளோசபின்னு ஒரு மாத்திரை இருக்கு, வேற எந்த மருந்துக்கும் கேக்காத ஸ்கிசோஃப்ரினியாவுக்குக் (மனச்சிதைவு நோய்) கூட கேக்கும். ஆனா ரத்தத்துல வெள்ளணுவ திடீர்னு இறக்கி விட்றும், அதனால முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தம் எடுக்கணும். இது எல்லா புஸ்தகத்துலயும் இருக்கு. மலச்சிக்கல்தான் பலர் கண்ணுல படாது, குடல் அசைவே நின்னு போய் உயிருக்கே ஆபத்தாகலாம், நோயாளியா வந்து சொல்லவும் மாட்டாங்க, அதனால தினமும் காலைல "வெளிய போச்சா, எப்படிப் போச்சு"னு ஒவ்வொருத்தரையும் கேப்போம். புதுசா வர்ற பிள்ளைங்க இத கேக்க கூச்சப்படும். அந்தக் கேள்விதான் ஒரு ஆளக் காப்பாத்தும்.

மனநிலை ரொம்ப ஏறி இறங்கற நோய்க்குக் குடுக்கற லித்தியம் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு சித்திரை வெயில் ஆகாது. வேர்த்துக் கொட்டி தண்ணி சரியா குடிக்கலைன்னாலோ, ரெண்டு நாள் பேதி ஆனாலோ, பிபிக்குனு வீட்ல உப்ப திடீர்னு நிறுத்திட்டாலோ மருந்து ரத்தத்துல ஏறிடும், அளவு 1.5 தாண்டினா விஷம் மாதிரிதான். கை நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். இதப் பாத்துட்டு குடிச்சிருக்கான்னு நெனச்சவங்களும் உண்டு.

ஒரு காலேஜ் பையன், வார்டுல அட்மிஷன் ஆன அன்னிக்கு ஹாலோபெரிடால்னு மனநோய்க்கான ஊசி போட்டிருந்தது. மறுநாள் கழுத்து ஒரு பக்கமா முறுக்கிக்கிச்சு, ரெண்டு கண்ணும் மேல போய் சொருகிக்கிச்சு, நாக்கு வெளிய தள்ளுது, பேச்சு வரல. அவங்க அம்மா பதறிப்போய் சாமி வந்திருச்சுன்னு முந்தானைல முடிஞ்சு வச்சிருந்த திருநீற எடுத்து பூசறாங்க, பக்கத்து பெட்காரங்க எல்லாம் எந்திரிச்சு தள்ளிப் போயிட்டாங்க. அது மருந்தோட பக்கவிளைவு, தசை இழுத்துக்கறது, அவனுக்கு நினைவு முழுசா இருக்கு, வலிச்சு கண்ணுல தண்ணியா ஓடுது. டாக்டரக் கேட்டு அந்த இழுப்ப சரி பண்ற பினார்கன் ஊசி போட்டுட்டு அவன் கையப் புடிச்சுக்கிட்டு "தம்பி, இது மருந்தால வந்தது, சரியாயிரும்"னு சொல்லிக்கிட்டே இருந்தேன், கொஞ்ச நேரத்துல கழுத்து நேரா வந்திருச்சு. அவங்க அம்மாவுக்கு அதையே நிதானமா வெளக்கி சொன்னேன். அப்ப சொல்லாம விட்டிருந்தா அவங்க பையன நேரா ஏதாவது கோயிலுக்கோ தர்காவுக்கோதான் கூட்டிட்டுப் போயிருப்பாங்க, மருந்து அதோட நின்னுருக்கும். 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி தர்கா பக்கத்துல ஒரு காப்பகத்துல சங்கிலியோட கட்டியிருந்த மனநோயாளிங்க 28 பேர் தீயில செத்தாங்களே, அவங்களயும் குணமாகணும்னுதானே வீட்டுக்காரங்க அங்க கொண்டு வந்து விட்டாங்க. அத நெனச்சா இன்னும் வயிறு எரியுது எனக்கு.

கட்டறதப் பத்தி கேட்டீங்க. 2017 மனநல சட்டம் வந்தப்புறம் சங்கிலி அறவே கூடாது, தண்டனைக்காகவோ ஆள் பத்தலைன்னோ கட்டக் கூடாது, அவருக்கோ மத்தவங்களுக்கோ உடனே ஆபத்துன்னா மட்டும்தான், அதுவும் மனநல டாக்டர் அனுமதியோட, எழுதி வச்சுட்டு. கட்டினாலும் துணிக்குள்ள ரெண்டு விரல் போகணும், கை வீங்குதா நெறம் மாறுதா பாக்கணும், தண்ணி குடுக்கணும், யூரினுக்கு விடணும். ஷாக் ட்ரீட்மென்ட்டும் மயக்க மருந்து இல்லாம குடுக்கறத அதே சட்டம் தடை பண்ணிருச்சு. நல்ல சட்டம். முன்னாடியே வந்திருக்கணும்.

ஆபத்து இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா யாரும் ஒண்ணுமில்லாம திடீர்னு அடிக்கறது அபூர்வம். ரெண்டு ராத்திரி தூக்கம் இருக்காது, வராண்டாவுல குறுக்கும் நெடுக்கும் நடப்பாங்க, சாப்பாடு வேணாம்பாங்க, குரல் ஏறும். அப்பவே போய் எதிர்ல நிக்காம பக்கவாட்டுல கொஞ்சம் தள்ளி நின்னு, கதவ மறைக்காம, "என்னண்ணே தூங்கலயா"னு கேட்டா பாதி இறங்கிடும். ராத்திரி டூட்டில மொத்த வார்டுக்கும் ஒரே சிஸ்டரப் போட்டா இதப் பாக்க நேரம் ஏது, அடிதடி அங்கதான் வருது.

பொண்ண விடுங்கம்மா. படிப்பு முடிச்சு மேல படிக்க விருப்பம்னா பெங்களூரு நிம்ஹான்ஸ்ங்கற மத்திய அரசு மனநல ஆஸ்பத்திரில மனநல நர்சிங்குக்கு ஒரு வருஷ டிப்ளமா இருக்கு. வேலைக்கு சேர்ற எடத்துல சம்பளம் கேக்கறதோட நைட்ல எத்தன பேர் டூட்டி, ரத்த டெஸ்ட் அங்கயே எடுப்பாங்களா, காய்ச்சல் வயித்துவலினா பாக்க டாக்டர் வருவாரான்னும் கேட்டுக்கச் சொல்லுங்க.