கூடை கூடையாக முள்ளங்கி

அன்புள்ள ஐயா,

ஓசூர் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர். டிராக்டர் ஓடி ஓடி அடிமண் இறுகிவிட்டது. அமெரிக்காவில் முள்ளங்கியை, நிலத்தை வெறுமனே விடாமல் மூடிவைக்கும் மூடுபயிராக விதைத்து மண்ணை இளக வைக்கிறார்கள், மாட்டுக்கும் அதுவே தீவனம் என்கிறார்கள். இங்கே சரிவருமா? தழைச்சத்து (நைட்ரஜன்) கூடுமா? பாலில் வாடை வருமா? எங்கள் மாடு கூடை கூடையாக முள்ளங்கி தின்னும்.

அன்புள்ள தம்பி,

விதைக்கலாம். ஆனால் அமெரிக்காவில் மேரிலாந்து, பென்சில்வேனியா பக்கம் ஆகஸ்டில் விதைத்தால் குளிர்கால உறைபனியில் செடி தானாகவே செத்துவிடும். கிழங்கு அழுகிய துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். ஓசூர்க் குளிருக்கு முள்ளங்கி சாகாது. பூவெடுக்கும் முன் நீங்கள்தான் தழை முளைக்கும் கொண்டையோடு அறுத்து, மீதிக் கிழங்கை மண்ணிலேயே விட வேண்டும். முள்ளங்கி பயறுவகை அல்ல, புதிதாகத் தழைச்சத்து சேர்க்காது. மண்ணில் இருக்கும் தழைச்சத்தை உறிஞ்சித் திருப்பித் தரும், அவ்வளவுதான். தட்டைப்பயறு கலந்து விதையுங்கள். வாடையா? கறந்த பிறகு போடுங்கள்.

சரி, அந்தக் கூடைக்கு வருகிறேன். போன வாரம்தான் சந்தைக்கு வெளியே விலைபோகாத முள்ளங்கிக் குவியலில் இரண்டு மாடுகள் வாய் வைத்திருப்பதைப் பார்த்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. அப்புறம் உங்கள் கடிதம்.

எனக்குப் பன்னிரண்டு வயது. விலை விழுந்த ஒரு தை மாதம், அப்பா வண்டி நிறைய முள்ளங்கி கொண்டுவந்தார். மாடு ஆசையாகத் தின்கிறதே என்று தீவனக் காடியில் முழுசு முழுசாகக் கொட்டினேன். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கிடைத்ததை அவசரமாக விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும். ஒரு கிழங்கு தொண்டையில் சிக்கியது. கழுத்தை நீட்டி எச்சில் ஒழுக நின்றது. ஏப்பம் வெளியேற வழியில்லாமல் இடது விலா உப்பிக்கொண்டே போனது. விடிவதற்குள் போய்விட்டது.

தின்கிறது என்பதற்காகப் போடுவீர்களா, தம்பி? பிள்ளை கேட்கிறது என்று மிட்டாயை மட்டுமே ஊட்டுவீர்களா? முள்ளங்கி பெரும்பாலும் தண்ணீர், நார் குறைவு. அதையே போட்டால் கழிச்சல் வரும், உப்புசம் வரும். முதலில் வைக்கோலோ சோளத்தட்டையோ வயிறு நிறையப் போடுங்கள். அதற்குப் பிறகுதான் முள்ளங்கி, அதுவும் கொஞ்சமாகத் தொடங்கி, சில நாட்களில் மெல்லக் கூட்டி. கிழங்கை நறுக்காமல் போடவே போடாதீர்கள். அவசரமாக இருந்தால் தழையை மட்டும் போடுங்கள். மேய விடுவதாக இருந்தாலும் வெறும் வயிற்றோடு அவிழ்த்துவிடாதீர்கள்.

அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த மாடு வந்ததும், முள்ளங்கியைத் தினமும் அரிவாள்மனையில் மெல்லிசாக அரிந்து, காடிக்குக் கொண்டுபோகும் முன் என்னிடம் காட்டுவாள். நான் கூடைக்குள் கைவிட்டுத் துழாவி, முழுசாக எதுவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் மாட்டுக்குப் போடுவாள்.